நான் வெட்டிய பதினாறு நிமிடங்கள்

வீடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கைகளே, நான் தைரியசாலி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை ஆட்டிப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து நான்காவது முறையும் ஆட்டுவேன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்குப் ‘பூட்டாட்டி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். படிப்பும் பெரிதாக இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு உயர்நிலைக்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஒரு வருடம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவனை, தொண்ணூறுகளின் பின்பாதியில், எங்கள் தீவில் ஜார்ஜ் டவுன் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் ஒரு மாடிக் கடையில், ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

வேலை இதுதான். கல்யாணத்தில் எடுத்த டேப்பைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, வெட்டி ஒட்டி, டிஸ்க்கில், எங்கள் பேச்சில் தட்டில், எழுதித் தர வேண்டும். நீங்கள் பழகிய டிவிடி அப்போது எங்கள் கடைக்கு வந்து சேரவில்லை. விசிடிதான். விண்டோஸ் 95. படம் இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டினால் ஒரே கோப்பாக வைக்க முடியாது. துண்டு துண்டாகப் பிடித்து, துண்டுகளை வரிசை மாறாமல் கோக்க வேண்டும். தட்டில் எழுதும் நேரத்தில் வேறு எதையும் தொடக்கூடாது. மவுசைக்கூட நகர்த்த மாட்டேன். ஒருமுறை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் திரையில் மீன்கள் நீந்தத் தொடங்கின. ஸ்க்ரீன்சேவர். அந்த மீன்கள் ஒரு தட்டைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டன. அன்றிலிருந்து எழுதி முடியும் வரை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

திரையில் வருகிற ஆங்கில வாசகங்கள் எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாசகப் பெட்டியையும் படமாக வரைந்து, எதை அமுக்கினால் என்ன நடந்தது என்று பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். புதிய பெட்டி ஏதாவது வந்தால் நோட்டை முதலிலிருந்து புரட்டுவேன். இதெல்லாம் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மெஷின்கள் வேறு. நான் சொல்ல வருவது மெஷின் செய்யாத ஒரு காரியத்தைப் பற்றி.

ஒரு விசிடி தட்டில் எழுபத்து நான்கு நிமிடம் கொள்ளும். எங்கள் கேமராமேன் வேலு அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு ஒரு டேப் எடுப்பார். அது தொண்ணூறு நிமிடம். எங்கள் முதலாளிக்கோ ஒரு கல்யாணம் என்றால் ஒரே தட்டு. “ரெண்டு தட்டு குடுத்தா ஒண்ண தொலைச்சிட்டு வந்து நம்ம உயிர எடுப்பாங்க” என்பார். ஆகவே ஒவ்வொரு கல்யாணத்திலும் பதினாறு நிமிடம் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பந்தி. இலையில் சோறு விழுவதையும் ஆட்கள் வாய் மெல்வதையும் யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? மாலை மாற்றுவதில் கை வைக்க முடியாது. தாலி கட்டுவதில் கை வைக்க முடியாது. பந்தியை வெட்டினால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் அது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தட்டை வாடிக்கையாளர் வாங்கிப் போய் ஒரு வாரம் புகார் ஒன்றும் வரவில்லையென்றால், அந்த டேப்பின் லேபிளை உரித்துவிட்டுப் பெட்டியில் போடுவேன். லேபிள் இல்லாத டேப் என்றால் அதன் மேல் அடுத்த கல்யாணத்தை எடுக்கலாம் என்று அர்த்தம். வேலு அண்ணன் பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் போவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடி முடிந்து ஆவணியின் முதல் முகூர்த்தம். முதலாளி சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஈப்போ போயிருந்தார். வேலு அண்ணன் அக்கரையில் நிபோங் திபால் பக்கம் பைராம் எஸ்டேட் தோட்டத்தில் ஒரு கல்யாணம் எடுக்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். காலை ஒன்பது மணி இருக்கும், சரோஜா அக்கா படியேறி வந்தார். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் குடியிருப்பவர். ஆனி கடைசியில் அவருடைய தங்கச்சி கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். தட்டை வாங்கிப் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. அந்தத் தட்டைத்தான் கையில் பிடித்திருந்தார்.

“தம்பி, இதுல இருக்கறது முழு கல்யாணமா?”

“ஆமாக்கா. ஏன், எங்கயாச்சும் நிக்குதா?”

“நிக்கல லா. நல்லாத்தான் ஓடுது. எங்கம்மாதான் இல்ல.”

நான் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

“அம்மா தவறிட்டாங்க தம்பி. தட்டு வாங்கின மறுவாரம். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. முந்தாநேத்து பதினாறாம் நாள் காரியம். நேத்துதான் எல்லாரும் உக்காந்து இதப் போட்டோம். அம்மாவப் பாக்கலாம்னு. தங்கச்சி ரெண்டு தடவ பாத்துட்டா. ஒரு எடத்துலயும் இல்ல.”

“மேடையில, ஃபேமிலி போட்டோ எடுக்கும்போது...”

“அப்பா போய்ச் சேந்துட்டாங்கல்ல? மேடைப் பக்கமே வர மாட்டேன்னுட்டாங்க. நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம். சித்தப்பாவும் சித்தியும்தான் தார வாத்தாங்க. அம்மா பூரா நேரமும் சாப்பாட்டுக் கூடத்துலதான் நின்னாங்க. அங்க கேமரா வந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். அது எங்க?”

அது எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வெட்டிப் போட்ட பதினாறு நிமிடத்தில் இருந்தது. அவர் வீட்டில் அம்மாவின் போட்டோக்கள் இருக்கலாம். ஆனால் நடந்து, பேசி, கையை ஆட்டுகிற அம்மா ஒரே ஒரு டேப்பில்தான் இருந்தார். அந்த டேப்பின் லேபிளை என் நகத்தால் நானே உரித்திருந்தேன்.

அப்போது என் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. ‘கேமராமேன் சரியா எடுக்கல போலக்கா.’ அவ்வளவு சொன்னால் போதும். அவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தொழிலில் நீங்கள் சந்திக்கப் போகிற பெரிய ஆபத்து மெஷின் நின்றுபோவது இல்லை. அப்படி ஒரு பொய் நாக்கில் வந்து உட்காரும் அந்த ஒரு நிமிடம்தான்.

நான் நல்லவன் என்பதால் பொய் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். பொய் சொன்னால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதை நினைத்துப் பயந்துகொண்டே இருக்க வேண்டுமே என்ற பயம். பெட்டியை எட்டிப் பார்த்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் ஒரு மாதமாக அதில் மூன்று டேப்புகள் தொடப்படாமல் கிடந்தன. அன்று பெட்டி காலி.

“அக்கா, கேமராமேன் அத எடுத்தாரு. நான்தான் வெட்டிட்டேன். தட்டுல எடம் இல்லன்னு பந்திய வெட்டிட்டேன். அந்த டேப்பு இப்ப பைராம் தோட்டத்துல இருக்கு. அது மேல வேற கல்யாணம் எடுக்கப் போறாங்க. எடுத்துக்கிட்டுக்கூட இருக்கலாம்.”

அவர் என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கைப்பையைத் திறந்து காடிச் சாவியை எடுத்தார்.

“அங்க முகூர்த்தம் எத்தன மணிக்கு?”

“பத்தரைக்குக்கா.”

“கடையச் சாத்து.”

வேலு அண்ணன் பேஜருக்குச் சொல்லி வைத்தேன். பிரயோஜனம் இருக்காது என்று தெரியும். பீப் சத்தம் மந்திரத்துக்கு நடுவில் பதிவாகிவிடும் என்று அவர் கல்யாண வேளையில் பேஜரை அணைத்துவிடுவார். கம்ப்யூட்டரில் இன்னொருவருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியே விட்டேன். பூட்டை ஒரே ஒரு முறைதான் ஆட்டினேன்.

அவருடைய காடி சின்ன, பழைய கார். தீவிலிருந்து அக்கரைக்குப் போகிற கடல் பாலத்தை நோக்கி ஓட்டினார். நான் மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு கணக்குப் போட்டபடி இருந்தேன். வேலு அண்ணன் ஒன்பதேகாலுக்குத் தொடங்கியிருப்பார். பந்தல், கோலம், வாழைமரம், மாப்பிள்ளை வரவு. மூன்று டேப்பில் எந்த டேப்பை முதலில் போட்டிருப்பார்? நம் டேப்பாக இருந்தால் இந்நேரம் எத்தனை நிமிடம் போயிருக்கும்? பந்தி கடைசியில்தான் வரும். ஆனால் சரியாக எத்தனையாவது நிமிடத்தில் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வெட்டுகிறவன் வெட்டியதை ஞாபகம் வைப்பதில்லை.

பாலத்தின் நடுவில் அக்கா கேட்டார்: “எடம் இல்லன்னா ஐயர் மந்திரத்தக் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்ல? அவரு அரை மணி நேரமா அதையேதான் சொல்றாரு.”

“ஐயர வெட்டுனா பாவமாயிருமோன்னு பயந்தேங்க்கா.”

“எங்கம்மாவ வெட்டுனா பாவம் இல்லியா?”

கொஞ்ச தூரம் போய் அவரே மறுபடி, “காடிய வேகமா ஓட்டுனா பயப்படுவியா?” என்றார்.

“மெதுவா ஓட்டுனாலே பயப்படுவேங்க்கா.”

“அப்ப ஒண்ணுதான்” என்று சொல்லி மிதித்தார்.

பைராம் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐந்து. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவே மண் சாலை முடிகிற இடத்தில் கோயில். வாசல் பூராவும் மோட்டார் சைக்கிள்கள். நாதஸ்வரம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தலுக்குள் ஓடினேன். வேலு அண்ணன் கேமராவைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டிருந்தார். கேமரா முனையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் டேப்பில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“அண்ணே, உள்ள எந்த டேப்பு ஓடுது?”

அவர் திரும்பாமலே சொன்னார்: “டேய் பூட்டாட்டி, நீ இங்க என்னடா பண்ற? கடைய யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?”

காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனால் கேமரா அசையவில்லை.

“எது எதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? லேபிள நீதான உரிச்ச? ஒண்ணு உள்ள ஓடுது, ரெண்டு பைல கெடக்கு. மூணும் மொட்ட.”

“நிறுத்திட்டுப் பாக்கலாமா அண்ணே?”

“கல்யாணத்தையா?”

டேப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தக் கேமரா ஒன்றுதான் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் எடுப்பதை நிறுத்த வேண்டும். மணவறையில் அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, தோட்டத்தில் வெயிலில் கறுத்த மனிதர், புதுச் சட்டையின் காலரை இழுத்து விட்டபடி இருந்தார். நான் சரோஜா அக்காவைப் பார்த்தேன். அவர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்தாதீங்க” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணோட கல்யாணத்தக் கெடுத்துட்டு எங்கம்மாவத் தேட வேணாம். எங்கம்மாவே திட்டும்.”

நிறுத்தவும் முடியாது, விடவும் முடியாது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மாதிரி நேரத்தில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு லாபம் உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பயந்து வைத்திருப்பதால், அடுத்து என்ன வரும் என்பது மனப்பாடமாக இருக்கும். இரண்டு வருடமாக எத்தனை கல்யாணத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன்! இப்போது ஐயர் கூறைப் புடவைத் தட்டை ஆசீர்வாதம் பண்ணிப் பெண் கையில் கொடுப்பார். பெண் புடவை மாற்ற உள்ளே போவாள். அவள் திரும்பி வரும்வரை பத்து நிமிடம் மேடையில் ஒன்றும் நடக்காது. அந்தப் பத்து நிமிடம் வேலு அண்ணன் டேப்பை வீணாக்காமல் கேமராவை இறக்கி வைப்பார்.

“அண்ணே, பொண்ணு கூற மாத்தப் போனதும் கேமராவ என்கிட்ட குடுங்க. அவ வர்றதுக்குள்ள திருப்பித் தந்துர்றேன்.”

“பிந்துனா?”

“பிந்தாது.”

என் வாயிலிருந்து அப்படி ஒரு உறுதியான வார்த்தை வந்ததில் அவரைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

பெண் கூறைத் தட்டோடு எழுந்து போனாள். சிவப்பு விளக்கு அணைந்தது. பந்தலின் ஓரத்தில், சோற்றுப் பானைகளுக்குப் பக்கத்தில், மூன்று பேரும் குந்தினோம். முதலில் உள்ளே இருந்ததை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பையில் இருந்த முதல் டேப்பைப் போட்டு, கேமராவில் கண் வைக்கிற சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தேன். இலைகள், சாப்பிடும் பிள்ளைகள், பின்னால் பலூன். யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள். இரண்டாவது டேப்பைப் போட்டேன். மஞ்சள் நீராட்டு. அப்படியானால் அக்கா கையில் இருந்ததுதான் அந்த டேப். அதைப் போட்டு, வேலு அண்ணன் நிறுத்திய இடத்துக்கு அப்பால் கொஞ்சம் ஓட்டி அக்காவைப் பார்க்கச் சொன்னேன்.

“தங்கச்சிதான்” என்றார். “தாலி கட்டி முடிச்சிட்டாங்க.”

வேலு அண்ணன் அதன் மேல் நாற்பது நிமிடம் எடுத்து முடித்திருந்தார். அழிந்துபோன அந்த நாற்பது நிமிடம் தட்டில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு அப்புறம் இருப்பதை இன்னும் யாரும் தொடவில்லை. டேப்பின் முதுகில் அழிக்காமல் காப்பதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. மறுபடி எடுக்கப் போகிற டேப்தானே என்று நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. அன்றுதான் முதன்முறையாக நகத்தால் தள்ளினேன். தள்ளிவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதவே மாட்டேன். ஏனென்றால் இதற்குப் பிறகுதான் அதே தவறை இரண்டாவது முறை செய்யப் பார்த்தேன்.

வேலு அண்ணன் பிறந்தநாள் டேப்பைக் கேமராவில் சொருகினார். “இது கடைசிலதான் நிக்குது. எல்லாம் சாப்புட்டுக்கிட்டு இருக்கானுங்க. அப்படியே அது மேல புடிச்சிர்றேன். பந்திதான, எவன் பாக்கப் போறான்?”

நான் தலையை ஆட்டினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், ஆட்டினேன். பழக்கம் அப்படி. அம்மாவைத் தேடி நாற்பது கிலோமீட்டர் வந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார், நான் இன்னொருவர் வீட்டுப் பந்தியை அழிக்கத் தலையாட்டுகிறேன். அக்கா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் உறைத்தது. பிறந்தநாள் டேப்பிலும் பந்தியை வெட்டியது நான்தான். கேக் வெட்டுவது, பாட்டுப் பாடுவது எல்லாம் தட்டில் இருக்கிறது. தட்டில் இல்லாதது இந்த டேப்பின் கடைசியில் மட்டும்தான் இருக்கிறது. அதில் யார் வீட்டு அம்மா நிற்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

“வேணாண்ணே. ஆரம்பத்துக்கு ஓட்டுங்க. ஆரம்பத்துலேருந்து எடுங்க.”

“ஆரம்பத்துலதான்டா கேக் இருக்கு! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?”

“கேக் தட்டுல இருக்குண்ணே. சாப்பாடுதான் தட்டுல இல்ல.”

அவருக்குப் புரிந்தது. ஆனால் தொண்ணூறு நிமிட டேப் ஆரம்பத்துக்குத் திரும்ப மூன்று நான்கு நிமிடமாவது ஆகும். நடுவில் நிறுத்தி எடுக்கலாம்தான். தாலி கட்டி முடிவதற்குள் மறுபடி பந்திக்குள் போய்விடுமோ என்று எனக்குப் பயம். கேமரா கிர்ரென்று பின்னால் ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், மாப்பிள்ளைக்கு மாமா முறை போலிருக்கிறது, எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றார்.

“என்ன வீடியோ, சோத்துப் பானையவா படம் புடிக்கிறீங்க? பொண்ணு வரப் போகுது, அங்க போங்கப்பா!”

“பேட்டரி மாத்துறோம் மாமா” என்றார் வேலு அண்ணன்.

“காலையிலேருந்து ஒரு மாப்பிள்ளைய வேக வெக்கிற மாதிரி லைட்டு போட்டீங்க, அதுக்குள்ள பேட்டரி போச்சா?”

பின்னால் நாதஸ்வரம் ஓங்கியது. பெண் வந்துவிட்டாள். கூறைப் புடவையில், தோழிகள் சூழ, வாசலிலிருந்து மணவறைக்கு நடந்தாள். அந்த நடையைக் கேமரா எடுக்கவில்லை. அது பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேலு அண்ணன் என் மண்டையில் குட்டினார். “போச்சுடா, போச்சு!” என்றார். நான் டேப் கவுண்டரின் எண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக எண்கள் இறங்கிப் பார்த்ததில்லை. டக் என்று நின்றது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தபோது ஐயர் தாலித் தட்டை எல்லாரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கி முடித்திருந்தார். தாலி கட்டுவது முழுக்கக் கிடைத்தது. பெண் நடந்து வந்தது கிடைக்கவில்லை.

அந்த நடை இன்றுவரை என் கணக்கில்தான் இருக்கிறது. தட்டு கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர், “அவ நடந்து வந்தப்ப நான் அழுதுகிட்டு இருந்தேன். அது படத்துல வராம இருந்ததும் நல்லதுதான்” என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்னமும் தெரியாது.

முதலாளி திரும்பி வந்து சத்தம் போட்டார். வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று ஒரு வாரம் பயந்தபடி இருந்தேன். எடுக்கவில்லை. லேபிள் உரிப்பதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளரிடம் கேட்காமல் ஒரு டேப்பையும் பெட்டியில் போடுவதில்லை என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு முதலாளியிடம் நான் சொன்ன ஒரே ‘முடியாது’ அது.

தம்பி, தங்கைகளே, வெட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு முழு நாள் எந்தத் தட்டிலும் கொள்ளாது. உங்கள் காலத்துப் பெரிய பெரிய தட்டுகளிலும் கொள்ளாது. வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டப் போகிற துண்டை ஒரே ஒரு முறை, வேகமாக ஓட்டாமல், சத்தத்தோடு, அதன் வேகத்திலேயே பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. இரண்டு வருடம் எல்லாப் பந்தியையும் சத்தமில்லாமல் வேகமாக ஓட்டித்தான் பார்த்தேன். மனிதர்கள் கோடு கோடாகப் பறந்து போவார்கள்.

அன்று மதியமே நாங்கள் கடைக்குத் திரும்பினோம். தட்டு எழுதுவதற்கு முன்னால் டேப்பை டிவியில் போட்டேன். அக்கா நாற்காலியை இழுத்து டிவிக்கு முட்டுகிற மாதிரி உட்கார்ந்தார். முதலில் பைராம் பெண் கூறைத் தட்டை வாங்கினாள். திரையில் கோடுகள் ஓடின. பிறகு அக்காவின் தங்கச்சி வந்தாள், விருந்தினர்கள் வந்தார்கள், பரிசு கொடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக் கூடம்.

நெற்றியில் விபூதியோடு, சாதாரண நூல் புடவையில் ஒரு அம்மா, சாம்பார் வாளியோடு இலைகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து வந்தார். அக்காவின் கை வாய்க்குப் போனது. வரிசையின் கடைசியில் அந்த அம்மா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். பிறகு கரண்டியை ஆட்டி வேலு அண்ணனை அதட்டினார்.

“என்னைய எதுக்குய்யா புடிக்கிற? இதெல்லாம் வெட்டிடு. பொண்ணு மாப்ளைய நல்லாப் போடு.”

வேலு அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமரா அந்த அம்மாவை விடாமல் தொடர்ந்தது. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. நான் டிவிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் கலந்து அவர் தோள் குலுங்கியது.

“அம்மா பேச்ச எங்க வீட்டுல யாருமே கேட்டதில்ல தம்பி,” என்றார். “நீ ஒருத்தன்தான் கேட்டிருக்க.”